எங்கள் சுவரில் நிற்கும் குண்டு எது?

போன வருடம் கோடையில், மழை தொடங்குவதற்கு முன்னால், தாராவியில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எதையும் எண் போட்டுச் சொல்லியே பழகிவிட்டேன். அதனால் நடந்ததை முதலில் அப்படியே அடுக்கிவிடுகிறேன்.

1. கட்டட வேலைக்காகக் கட்டியிருந்த இரும்புச் சாரம் ஒன்று சரிந்து ஒரு தொழிலாளி கீழே விழுந்தார். உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழே அசைவில்லை.

2. சாரத்தின் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்புகள் எங்கள் லேபுக்குச் சோதனைக்கு வந்தன. தேறவில்லை என்று நான் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

3. அறிக்கையில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி ஓர் ஆள் என் பின்னால் வர ஆரம்பித்தான்.

4. கைத்துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தேன்.

5. எந்த அளவு குண்டு போடும் துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்தேன்.

6. வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டேன்.

மறக்க முடியாதது ஆறாவதுதான். ஆனால் மற்ற ஐந்தையும் சொன்னால்தான் அது புரியும்.

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். ஐரோலியில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வேலை. சயானில் ரயில் ஏறி, தாணேயில் மாறிப் போக வேண்டும். இரும்பை இழுப்பது, வளைப்பது, நசுக்குவது, எந்த அளவில் விட்டுக்கொடுக்கிறது என்று எழுதுவது. தினமும் இதுதான் வேலை. எனக்குப் பிடித்த வேலையும் இதுதான். இரும்பு பொய் சொல்லாது, யாருக்காகவும் கூடக் குறையப் பேசாது.

அந்தக் கிளாம்பைக் குழாயில் மாட்டி, சொல்லியிருக்கும் அளவுக்கு இறுக்கி, எடையை ஏற்றினால் அது நகரக் கூடாது. நகர்ந்தது. விழுந்த சாரத்திலிருந்து கழற்றியது மட்டுமல்ல, அதே சரக்கில் மூட்டை பிரிக்காமல் கிடந்த புதுக் கிளாம்புகளும் நகர்ந்தன. பார்த்ததைப் பார்த்தபடி எழுதினேன்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆள். கிளாம்ப் சப்ளை செய்தவர்களின் ஆள் என்று அவனே சொன்னான். முதலில் ஐரோலி ஸ்டேஷன் வாசலில், பிறகு தாணே பிளாட்பாரத்தில், பிறகு சயானில். குரலை உயர்த்தவே மாட்டான். "மேடம், ஏக் லைன் ஹீ தோ ஹை" என்பான். ஒரே ஒரு வரிதானே. சோதனைக்கு வந்தவை ஏற்கெனவே விழுந்ததில் சேதமானவை என்று ஒரு வரி. அதை எழுதினால் பழி முழுவதும் சாரம் கட்டிய கூலிக்காரர்கள் தலையில் போய் விழும். புதுக் கிளாம்பும் நகர்ந்ததே என்றால் சிரிப்பான்.

ஒரு நாள் எங்கள் கலீயின், அதாவது சந்தின், முனையில் பைக்கைச் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். "ஊபர்வாலா கர் ஆப்கா ஹை நா? மம்மி தின்பர் அகேலி?" என்றான். மாடி வீடு உங்களுடையதுதானே, அம்மா பகலெல்லாம் தனியாகத்தானே இருக்கிறார்கள் என்று நலம் விசாரிப்பது போலக் கேட்டான்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அடித்தானா? இல்லை. தொட்டானா? இல்லை. பக்கத்தில் யாராவது கேட்டார்களா? இல்லை. புகாரைக் குறித்துக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். லேபில், வேண்டுமானால் இந்த வேலையிலிருந்து ஒதுங்கிக்கொள் என்றார்கள். ஒதுங்கலாம். ஆனால் கையெழுத்து என்னுடையது. ரயிலில் நின்றுகொண்டே யோசித்தேன். எழுதியதை மாற்றப் போவதில்லை. அது முடிந்த விஷயம். மாற்றாமல் இருக்க என்னவெல்லாம் தேவை என்பது மட்டும்தான் மிச்சமிருந்த கேள்வி.

அதற்கு வந்த விடைதான் துப்பாக்கி. இப்போது படிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அன்று எனக்கு அது மிகவும் நியாயமாகத்தான் பட்டது. மிரட்டல் இருக்கிறது, கையில் புகார்த் தாள் இருக்கிறது, சட்டத்தில் வழி இருக்கிறது. விண்ணப்பித்தேன்.

பிறகு எனக்குப் பிடித்த வேலையில் இறங்கினேன். அட்டவணை போட்டேன்.

துப்பாக்கியின் அளவு என்பது குழலின் உள்வாய் அகலம். .32 என்றால் ஓர் அங்குலத்தை நூறு பங்காக்கி, அதில் முப்பத்திரண்டு பங்கு. போலீஸும் ராணுவமும் வைத்திருக்கும் ஒன்பது மில்லிமீட்டர் நம்மைப் போன்றவர்களுக்குக் கிடையாது, சட்டம் தடுத்திருக்கிறது. சாதாரண ஆள் கைத்துப்பாக்கி என்று தேடினால் கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் .22 அல்லது .32.

லைசென்ஸுக்குப் பயிற்சிச் சான்று வேண்டும் என்பதால் ஒரு துப்பாக்கிப் பயிற்சி மன்றத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். சொல்லிக்கொடுத்தவள் ஏறக்குறைய என் வயதுள்ள மராட்டிப் பெண். நான் ஒவ்வொரு முறை சுட்டதும் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நோட்டை எடுப்பதைப் பார்த்து, "தூ கோலீ சே பஹலே டேபிள் சலாதீ ஹை" என்று கேலி செய்வாள். குண்டுக்கு முன்னால் உன் அட்டவணைதான் பாய்கிறது என்பாள்.

.22 கையில் உதைக்கவே இல்லை. என் குண்டுகள் எல்லாம் அட்டையில் நெருக்கமாக விழுந்தன. ஆனால் சில நேரம் விசையை இழுத்தும் வெடிக்காமல் போகும் குணம் அதற்கு உண்டு. ஓர் ஆள் எதிரே வரும்போது அது நடந்தால் என்ன செய்வது? .32 பிஸ்டல் தட்டையானது, மறைத்து வைக்கச் சுலபம். ஆனால் சுடுவதற்கு முன் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். வியர்த்த கையால் எனக்கு வழுக்கியது. .32 ரிவால்வரில் அந்தத் தொல்லை இல்லை. ஒன்று வெடிக்காவிட்டால் இன்னொரு முறை விசையை இழுத்தால் அடுத்தது வரும். விசைதான் கனம். விரல் பழகிவிடும்.

அடுத்து, எப்படி மறைத்து எடுத்துச் செல்வது. சுடிதாரில் பையே கிடையாது. இருந்தாலும் கைக்குட்டைக்குத்தான் காணும். தோள்பைதான் வழி. லேபில் கிடந்த ஓர் இரும்புத் துண்டை ரிவால்வரின் எடைக்கு வெட்டி, துணியில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டு கொஞ்ச நாள் வேலைக்குப் போய் வந்தேன். சயானில் பெண்கள் பெட்டியில் ஏறும்போது பை யார் முழங்காலிலோ இடித்தது. "அரே, பத்தர் லேகே கூம்தீ ஹை க்யா?" என்று ஒரு பெண் கத்தினாள். கல்லைச் சுமந்துகொண்டா திரிகிறாய் என்றதும் பெட்டியே சிரித்தது. அந்த நெரிசலில் பையின் ஜிப்பைத் தொடக்கூட என் கை கீழே இறங்காது என்பதையும் அன்றே தெரிந்துகொண்டேன். மேலே கம்பியைப் பிடித்த கை, தாணே வரும்வரை மேலேயேதான் இருந்தது. ஐரோலியில் லேப் இருக்கும் வளாகத்தின் வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே விடவே மாட்டார்கள்.

ஆக, துப்பாக்கி என்னோடு வராது. வீட்டில்தான் இருக்கும். இதை லேபில் பக்கத்து மேஜைத் தோழியிடம் மட்டும் சொல்லியிருந்தேன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், நாக்கில் எப்போதும் ஒரு கத்தி வைத்திருப்பாள்.

"அப்போ நீ ஐரோலில இருப்ப, துப்பாக்கி தாராவில இருக்கும், அவன் எங்க வேணா இருப்பான். ரொம்ப நன்னா இருக்குடி ஒன் டிசைன்!"

"நான் வீட்டுல இருக்கும்போது வந்தா?"

"இல்லாதப்போ வந்தா? லைசென்ஸ் ஒன் பேர்லதானே, ஒங்கம்மா அதைத் தொடக்கூடப் படாது. அவனுக்குக் காப்பி போட்டுக் குடுத்து, இருப்பா, என் பொண்ணு ஆறு மணிக்கு வந்துடுவாம்பாளா?"

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அட்டவணையின் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டேன். முடிவெடுத்தவர்கள் செய்கிற காரியம் இது. விடை தெரியாத கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, தெரிந்த கேள்வியை இன்னும் அழகாகச் செய்வது. .32 ரிவால்வர் என்று அடிக்கோடிட்டேன்.

லைசென்ஸ் விசாரணைக்கு வந்த கான்ஸ்டபிள் எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுற்றிப் பார்க்க என்ன இருக்கிறது? கலீயிலிருந்து செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறினால் ஓர் அறை. அதிலேயே சமையல், அதிலேயே அம்மாவின் தையல் மெஷின், அதிலேயே தூக்கம். அப்பா இறந்த பிறகு நானும் அம்மாவும்தான். "ரக்கோகீ கஹாங்?" என்று கேட்டார். எங்கே வைப்பாய்? பீரோ என்றேன். தலையை ஆட்டினார். சுவரோடு சேர்த்து முடுக்கிய இரும்புப் பெட்டி வேண்டும், அடுத்த முறை வரும்போது அதைப் பார்க்கிறேன், அக்கம்பக்கத்திலும் விசாரிப்பேன் என்றார்.

அக்கம்பக்கம் என்றதும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அவர் ஏணி இறங்கியதும் என் கையைப் பிடித்தாள்.

"யாரு கேட்டாலும் பாஸ்போர்ட்டுக்கு வந்தாவன்னு சொல்லிருவோம், என்னட்டி?"

சரி என்றேன். எங்கள் கலீயில் போலீஸ் வந்தால் பாஸ்போர்ட் என்பது எல்லோரும் ஒப்புக்கொள்கிற காரணம். அடுத்த நாளே பக்கத்து வீட்டு மைனி, "துபாயா, மஸ்கட்டா?" என்று கேட்டாள். உறவு ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், அதனால் மைனி, அண்ணி முறை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவள், அவள் புருஷன், பிறந்து சில மாதமே ஆன பெண் குழந்தை.

ஆறாவதுக்கு வந்துவிட்டேன்.

ஒரு ஞாயிறு மத்தியானம். இரும்புப் பெட்டி வாங்கி வந்தாயிற்று. கீழே வெல்டிங் கடையில் டிரில் மெஷினும், சுவருக்குள் போய் விரிந்து பிடித்துக்கொள்ளும் நீளமான ஆங்கர் போல்ட்டுகளும் வாங்கினேன். பெட்டியின் பின்பக்க ஓட்டைகளுக்கு நேராகச் சுவரில் பென்சிலால் குறித்தேன். மட்டம் பார்த்தேன். கண்ணாடி மாட்டிக்கொண்டேன். சுவரின் கனம் எவ்வளவு என்று மட்டும் பார்க்கவில்லை. பூச்சும் பெயிண்ட்டும் கெட்டியாக இருந்தன. செங்கல் சுவர் என்று நினைத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து முதுகு சாய்த்த சுவர், அதைப் போய் யார் அளப்பார்கள்?

முதலில் நன்றாகத்தான் இறங்கியது. உடம்பு எடையைக் கொடுத்து அழுத்தினேன். சட்டென்று எதிர்ப்பே இல்லாமல் டிரில் அதன் கழுத்து வரைக்கும் உள்ளே போனது. அதன் கூடவே நானும் போய்ச் சுவரில் முட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து அலறல் கேட்டது.

"ஏட்டீ! என்னத்தப் போட்டுக் குடையுத? பிள்ள! எம் பிள்ள!"

மெஷினை நிறுத்தினேன். உருவினேன். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. கண்ணை வைத்துப் பார்த்தேன். ஒரு சேலையின் சிவப்புக் கரை மிக அருகில் ஆடிக்கொண்டிருந்தது. தொட்டில். டிரில் வெளியே வந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே குழந்தையின் தலை இருந்தது என்று பிறகு தெரிந்தது. அதன் போர்வைமேல் செங்கல் தூள். குழந்தை அதுவரை தூங்கிக்கொண்டிருந்ததாம். அவ்வளவு சத்தத்திலும் விழிக்காத குழந்தை, அம்மா அலறியதைக் கேட்டுத்தான் விழித்து அழுதது.

மெஷினைக் கீழே வைத்தேன். எங்கள் ஏணி அதிர மைனி மேலே வந்தாள். இடுப்பில் குழந்தை, இன்னொரு கையில் ஒரு பிடி செங்கல் தூள். அதை என் முன்னால் கொட்டினாள்.

"இந்தா, ஒன் வீட்டுச் செவரு. எடுத்து வச்சிக்க."

"மைனி, நான்..."

"பேசாத. அறைஞ்சிருவேன்." பிறகுதான் பெட்டியைப் பார்த்தாள். "என்னது இது? நகப் பெட்டியா? ஒங் கழுத்துல கெடக்கதே கவரிங்கு. அதுக்கு இம்புட்டுப் பூட்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா உடைந்துவிட்டாள். "துப்பாக்கிக்கு" என்றாள்.

மைனி சிரித்தாள். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "அப்ப பாஸ்போர்ட்டுன்னது?"

ஆதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நின்றபடியே கேட்டாள். குழந்தை தலையில் இருந்த தூளை ஊதிக்கொண்டே இருந்தாள். நான் முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்டாள்.

"அவன் கலீக்குள்ள வந்து நின்னுருக்கான். நான் பாஜுல, இந்தா பக்கத்துல இருக்கேன். எங்கிட்ட ஏன்டீ சொல்லல?"

"எவனோ ஒருத்தன் என் பின்னால வாரான்னா இங்க என்ன பேசுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா மைனி?"

"தெரியும். நானே பேசியிருப்பேன்," என்றாள். "பேசிட்டு வந்தும் நின்னுருப்பேன். கோட்டிக்காரி." ஏணியில் இறங்கிப் போய்விட்டாள். அதன்பின் சில நாள் என்னோடு பேசவில்லை.

அன்று சாயங்காலம் அட்டவணையை எடுத்தேன். வேகம், எடை, உதைப்பு, நம்பகம், மறைக்கும் வசதி என்று எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. கடைசியில் ஒரு கட்டம் சேர்த்து, 'பின்னால் யார்?' என்று தலைப்பிட்டேன்.

சுடும்போது குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது பயிற்சியின் முதல் நாளே சொல்லித் தந்த விதி. அதை அழகாக எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் பயிற்சி மைதானத்தில் பின்னால் பெரிய மண்மேடு இருந்தது. என் வீட்டில் என்ன இருக்கிறது என்று இப்போது எழுதினேன். இடதுபக்கம் மைனியின் தொட்டில். வலதுபக்கம் பலகைத் தடுப்பு, அதற்கு அப்பால் தோல் பை தைக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கார்கானா. வாசலுக்கு எதிரே, கையை நீட்டினால் தொடும் தூரத்தில், டியூஷன் படிக்கும் பிள்ளைகள். கீழே மரத்தளம், அதற்கடியில் பெண்கள் உட்கார்ந்து துணியில் பிசிறு நூல் வெட்டும் அறை. மேலே தகரம்.

உறுதி செய்துகொள்ளப் பயிற்சிப் பெண்ணுக்கு போன் செய்தேன். சுவரைப் பற்றிச் சொன்னேன். .32 இல்லாவிட்டால் .22 நிற்குமா என்று கேட்டேன். அவள் இந்த முறை கேலி செய்யவில்லை.

"பூச்சும் ஒத்தைச் செங்கலும் நிறுத்தலாம், நிறுத்தாமலும் போகலாம். பலகை எதையும் நிறுத்தாது. நீ சுடுகிற பக்கத்தை நீயா தேர்ந்தெடுப்பாய்? அவன் எந்தப் பக்கம் நிற்கிறானோ அதுதான் உன் பக்கம்," என்று ஹிந்தியில் சொன்னாள்.

எல்லாக் கட்டத்திலும் ஆள் இருந்தது. .22க்கு நேராகவும் குழந்தை, .32க்கு நேராகவும் குழந்தை. எந்தக் குண்டு அவனை நிறுத்தும் என்று மட்டும்தான் நான் இத்தனை நாள் கணக்குப் பார்த்திருக்கிறேன். தப்பினால் அது எங்கே போய் நிற்கும் என்று பார்க்கவில்லை. உரமான சுவர் உள்ள வீட்டில் இதே அட்டவணைக்கு வேறு விடை வரலாம். எங்கள் வீட்டில் வரவில்லை.

என்னை அதிகம் சுட்டது வேறொன்று. கமிஷனர் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுத எனக்குத் துணிச்சல் இருந்தது. ஓர் ஆள் என்னைத் தொந்தரவு செய்கிறான் என்று பக்கத்து வீட்டில் சொல்லத் துணிச்சல் இல்லை. குண்டுக்குப் பயப்படாதவள் பேச்சுக்குப் பயந்திருக்கிறேன்.

ஓட்டையை அடைக்கச் சிமெண்ட் குழைத்துக்கொண்டு மைனி வீட்டுக்குப் போனேன். தொட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றியிருந்தாள். அவள் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்த வம்பு நமக்கு வேண்டாம்" என்று அவளிடம்தான் சொன்னார், எனக்குக் கேட்கட்டும் என்று. அவர் சொன்னதிலும் தப்பில்லை. கரண்டியைக் கையில் எடுத்தவள், சிமெண்டை அள்ளாமல் ஓட்டையின் அகலத்தைப் பார்த்தேன்.

"மைனி, இதுல ஒரு வயர் விட்டுக்கிடட்டுமா?"

"இன்னும் என்னத்தட்டீ விடப் போற?"

"பெல். அம்மா அந்தப் பக்கம் அமுக்கினா இங்க அடிக்கும்."

அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் வெளியே பார்த்தார். "ராத்திரில சும்மா அமுக்கிப் பார்த்தியோ, வயர அறுத்துருவேன்" என்றாள். அதுதான் சம்மதம்.

அம்மாவின் தையல் மெஷினுக்கு அடியில், கால் முட்டி படும் இடத்தில் ஒரு ஸ்விட்ச். கரண்ட் போனாலும் அடிக்க வேண்டும் என்பதால் பேட்டரி. மைனி வீட்டில் ஒரு பெல், கீழே நூல் வெட்டும் அறையில் இன்னொரு பெல். அங்கே இருக்கும் பெண்களிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை காது மடல் சுட்டது. ஒருத்தி, "ஆளு பாக்க எப்படி இருப்பான்?" என்று கண்ணடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் பயந்த பேச்சு அவ்வளவுதான். அடுத்த நிமிடமே, "வந்தா ஏணிய விட்டு எறங்க விடக் கூடாது" என்று அவர்களுக்குள் திட்டம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

மழை தொடங்கிய பிறகு ஒரு வேலை நாள் மத்தியானம் அவன் வந்தான். நான் ஐரோலியில் இருந்தேன். நடந்ததை மைனி சொல்லித்தான் தெரியும், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். அவனும் இன்னொருவனும் வந்தார்கள். மற்றவன் கீழே நின்றுகொள்ள, அவன் மட்டும் ஏணியில் ஏறி வாசலில் நின்று, மேடம் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறான். அம்மா தைப்பதை நிறுத்தாமல், இல்லை என்று சொல்லிக்கொண்டே முட்டியால் ஸ்விட்சை அழுத்தியிருக்கிறாள். அழுத்தியவள் எடுக்கவே இல்லை.

மைனி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றாள். கீழே நூல் வெட்டும் பெண்கள் கத்தரிக்கோலோடு வெளியே வந்து ஏணியின் அடியை அடைத்துக்கொண்டார்கள். கூட வந்தவன் போன வழி தெரியவில்லை. எங்கள் கலீயில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அன்று யாரும் ஒட்டிக்கொள்ளவில்லை. அவன் ஏணியின் நடுவில் நின்றுவிட்டான்.

"க்யா மங்தா ஹை?" என்று மைனி கேட்டாளாம்.

"மேடம் சே பாத் கர்னா தா."

"போல் நா. இதர் அம் சப் மேடம் ஹை."

என்ன வேண்டும் என்று கேட்டதற்கு மேடத்திடம் பேச வந்தேன் என்றவனிடம், சொல், இங்கே நாங்கள் எல்லோரும் மேடம்தான் என்றிருக்கிறாள். அவள் ஹிந்தியில் ஆயிரம் தப்பு இருக்கும். ஆனால் அன்று பேசியதில் ஒரு தப்பும் இல்லை. ஒரு பெண் முழுவதையும் போனில் படம் பிடித்தாள். படத்தில் அவன், அறிக்கையை மாற்றாவிட்டால் இந்த வீடே இருக்காது என்று கத்துவது தெளிவாகக் கேட்கிறது. அதுவரை என்னிடம் குரலையே உயர்த்தாதவன். போலீஸ் வரும்வரை அவனை யாரும் தொடவில்லை, வழியும் விடவில்லை.

நான் வீடு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். மைனியைத் தேடிப் போனால், "பெல்லு சவுண்டு ஜாஸ்தி, பிள்ள முழிச்சிக்கிட்டா. கொறைச்சு வை" என்றாள்.

ஸ்டேஷனில் இந்த முறை, யார் கேட்டார்கள் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வாசலில் ஒரு வரிசையே நின்றது. மைனியின் புருஷனும் அதில் நின்றார். முறையான வழக்காகப் பதிவு செய்தார்கள். வீட்டைப் பார்க்க வந்த அதே கான்ஸ்டபிள் என்னைக் கண்டதும், பெட்டியைச் சுவரில் முடுக்கியாயிற்றா என்று கேட்டார். எங்கள் சுவர் அதைத் தாங்காது என்றேன்.

இப்போது அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். சாரம் விழுந்த வழக்கும், அவன் மிரட்டிய வழக்கும் தனித்தனியே நடக்கின்றன. விழுந்தவர் இன்னும் எழுந்து நடக்கவில்லை. என் சாட்சி நாள் இன்னும் வரவில்லை. தாணே பிளாட்பாரத்தில் பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்குப் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. பயம் வந்தால் அதை முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறேன். துப்பாக்கி விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அறிக்கையைத் திரும்பப் பெறவில்லை.